ஜிம்மில் சேருமுன் கேட்கும் கேள்விகள்: முன்மேஜையில் இருந்தவனின் பதில்கள்

சென்னையில் ஒரு ஜிம்மின் முன்மேஜையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். விசிட்டிங் கார்டில் ‘ஃபிட்னஸ் கன்சல்டன்ட்’ என்று போட்டுக் கொடுத்தார்கள். செய்தது மெம்பர்ஷிப் விற்பனை. அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: சேரலாமா என்று யோசிப்பவர், சேர்ந்து மாட்டிக்கொண்டவர், பணம் கட்டியும் போகாதவர். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சும்மா ரேட் கேட்டுவிட்டு வரத்தான் போகிறேன். அதில் என்ன ஆகிவிடும்?

ரேட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் சொல்வார்கள். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு ரெஜிஸ்டர் உங்கள் பக்கம் நகரும். பெயர், போன் நம்பர். அதுதான் அன்றைய முதல் வியாபாரம். நீங்கள் சேராவிட்டாலும் நம்பர் எங்களுக்கு. அப்புறம் உள்ளே ஒரு சுற்று, ஸ்டீம் ரூம் உட்பட (அது வேலை செய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை). பிறகு எடை, கொழுப்பு அளக்கும் மெஷின். அதில் வரும் தாளில் சிவப்புக் கோடுகள் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் எங்களுக்கு வசதி.

கடைசியில் உட்கார வைத்து, “எதுக்காக சேரணும்னு நினைக்கிறீங்க சார்?” என்று கேட்போம். அக்கறையான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் பதிலை நான் எழுதி வைத்துக்கொள்வேன். கையில் காய்கறிப் பையோடு, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சர்க்கரை எல்லையில் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார், அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரலை எடுத்தார்கள் என்றார். வருடச் சந்தா பதினான்காயிரம் அதிகம் என்று அவர் தயங்கியபோது, “அப்பாவுக்கு ஆனது உங்களுக்கு ஆக வேண்டாமே சார்” என்றேன். கார்டை எடுத்துவிட்டார். அந்த வருடம் அவர் வந்தது ஒன்பது நாள். வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தவன் நான்தான்.

அதனால் என் முதல் அறிவுரை ஒன்றே ஒன்று. உடற்பயிற்சி செய்வது ஒரு முடிவு, ரசீது போடுவது வேறு முடிவு. இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே மாலையில் எடுக்காதீர்கள்.

“இன்னிக்கு நைட்டோட ஆஃபர் முடியுது” என்கிறார்கள். உண்மையா?

ஆஃபர் முடியும். அடுத்த ஆஃபர் காலையில் ஆரம்பிக்கும். ஆடித் தள்ளுபடியாவது வருடத்தில் ஒருமுறைதான் வரும். ஜிம்மில் புத்தாண்டு, பொங்கல், மகளிர் தினம், சித்திரை, சுதந்திர தினம், தீபாவளி என்று காலண்டரில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஆஃபர்தான். உண்மையான கெடு வேறு: மாதக் கடைசி. விற்பவருக்கு மாத டார்கெட் உண்டு. 28, 29 தேதிகளில் அது நிரம்பாமல் இருந்தால், “மேனேஜர்கிட்ட ஸ்பெஷலா கேட்டுப் பார்க்கிறேன்” என்று எழுந்து போவார். எங்கள் மேனேஜர் கேபினுக்குள் நான் போனால் டீ இருந்தால் குடிப்பேன், இல்லையென்றால் ஏ.சி.யில் இரண்டு நிமிடம் நிற்பேன். வெளியே வந்து சொல்லவேண்டிய விலை காலையிலேயே எனக்குத் தெரியும்.

இணையத்தில், ஆப்பில் இப்படிப் போலி அவசரம் காட்டுவதை ஏமாற்று உத்தி என்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் வகைப்படுத்தியிருக்கிறது. அதில் உள்ள 13 உத்திகளில் இது ஒன்று. வேண்டாம் என்பவரைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நான் செய்ததும் அதே வேலைதான், திரைக்குப் பதில் முகம்.

வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எப்படித்தான் எழுந்து வருவது?

காரணம் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் எங்களிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. “வீட்ல கேட்கணும்” என்றால், “போன் போட்டுக் குடுங்க சார், நானே மேடம்கிட்ட பேசறேன்.” “இப்போ பணம் இல்லை” என்றால் இ.எம்.ஐ. “நேரம் கிடைக்காது” என்றால், “காலைல அஞ்சு மணிக்கே திறக்கிறோம்.” “யோசிச்சுச் சொல்றேன்” என்றால், “இதுல யோசிக்க என்ன சார் இருக்கு, உங்க உடம்பு!” காரணம் சொன்னால் அதைப் பேசித் தீர்க்கலாம் என்று எங்களுக்கே நீங்கள் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும்.

என்னால் ஒன்றும் செய்யமுடியாமல் போன ஆள் ஒரு அம்மாள். “பார்த்த அன்னிக்கே பணம் கட்டுற பழக்கம் எனக்கு இல்லைப்பா. ரேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பு” என்றார். நான் இழுத்தேன். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார், சிரித்துக்கொண்டே. மூன்றாவது தடவை சொல்லும்போது எழுந்து நின்றிருந்தார். அதற்கு நான் என்ன சொல்ல? அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஐந்நூறு மட்டும் டோக்கன் போட்டுட்டுப் போங்க” என்பதற்கும் இதே பதில்தான். ஐந்நூறு கட்டியவர் மீதியைக் கட்டத் திரும்பி வருவார், அந்த ஐந்நூறு வீணாகக் கூடாதே என்று.

கணக்குப் போட்டால் வருடச் சந்தாதானே மலிவு?

போனால் மலிவு. உதாரணத்துக்கு, மாதம் 2,500, வருடம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் போனால்தான் வருடச் சந்தா லாபம். நம் எல்லோருக்கும் கட்டும் நாளில் பன்னிரண்டு மாதமும் போவோம் என்றுதான் தோன்றும்.

இதை அமெரிக்காவில் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2006-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூன்று ஜிம்கள், 7,752 உறுப்பினர்கள், மூன்று வருடப் பதிவேடு. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாகப் போனது மாதம் 4.3 தடவை. அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே ஜிம்மில் பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு போயிருக்கும். ஏமாற்றியவர் யாரும் இல்லை. அடுத்த மாதத்துத் தன்னைப் பற்றி ஒவ்வொருவரும் போட்ட கணக்கு தப்பு.

ஜிம்முக்கும் இந்தக் கணக்கு தெரியும். எங்களிடம் இருந்த லாக்கர் அறுபது. உறுப்பினர்கள் அதைப்போல் பல மடங்கு. பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஒரே திங்கட்கிழமை வந்து நின்றிருந்தால் கதவைப் பூட்டத்தான் வேண்டும்.

முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். கூடுதலாகப் போகும் பணத்தை, உங்களைப் பற்றி நீங்களே தெரிந்துகொள்ளக் கொடுத்த கட்டணமாக நினையுங்கள். மூன்று மாதமும் போயிருந்தால் வருடத்துக்குக் கட்டுங்கள்; அதையும் 28-ஆம் தேதிக்கு மேல்.

18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்கிறார்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழைய ரேட் கார்டைக் காட்டினால் பில்லைக் கேளுங்கள். பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. இல்லாமல் தருகிறோம் என்பவரிடம் சேராதீர்கள். நாளைக்குச் சண்டை வந்தால் கையில் இருக்கப்போகும் ஒரே ஆயுதம் அந்தப் பில்தான்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ நல்லதுதானே?

அதில் ஜிம்முக்கு மாதாமாதம் கட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் பெயரில் கடன் கொடுத்து, முழுப் பணத்தையும் ஜிம்முக்கு அன்றே அனுப்பிவிடுகிறது. நீங்கள் கடன்காரர். நடுவில் ஜிம் ஷட்டரை இறக்கிவிட்டாலும் தவணை தானாக நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். செயலாக்கக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் இருக்கும். ஆப் வழியாக டிஜிட்டல் கடன் வாங்கியிருந்தால், குறைந்தது ஒரு நாளாவது அபராதமில்லாமல் வெளியேற அவகாசம் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அசலும் அதுவரையான வட்டியும் (முன்பே சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணமும்) கட்டினால் போதும். வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டால் அன்றைக்கே பாருங்கள்.

யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் கவலை குறைவு. உங்கள் ஆப்பிலேயே போய் ரத்து செய்துவிடலாம், ஜிம்மில் யாரையும் கெஞ்ச வேண்டாம்.

“பி.டி. (தனிப் பயிற்சி) எடுக்காம ரிசல்ட் வராது” என்று டிரெய்னர் சொல்கிறார்.

டிரெய்னர்மேல் கோபப்படாதீர்கள். பல இடங்களில் சம்பளம் குறைவு; தனிப் பயிற்சியில் வரும் கமிஷனில்தான் அவர் வீட்டு வாடகை. ஆனால் அது அவர் பிரச்சினை. பளு தூக்கிப் பழக்கமே இல்லாதவர் எட்டுப் பத்து வகுப்பு எடுத்து, ஸ்குவாட்டில் முதுகு எப்படி இருக்கவேண்டும், மூச்சை எப்போது விடவேண்டும் என்று கற்றுக்கொள்வது நல்ல செலவு. அதற்கு மேல் மூன்று மாத பேக்கேஜ் தேவையா என்பதை அந்தப் பத்து வகுப்பு முடிந்தபின் யோசியுங்கள்.

மெஷின் தாளை வைத்து பயமுறுத்தினால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். அது உடம்புக்குள் லேசான மின்சாரம் செலுத்தி, தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்தீர்களா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, வியர்த்ததா என்பதைப் பொறுத்து எண் மாறும். காலை ஒன்று, மாலை ஒன்று சொல்லும். மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் எடுத்து ஒப்பிட்டால் ஏதோ பயன் உண்டு.

புரோட்டீன் டப்பா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது. முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று வீட்டுச் சாப்பாட்டைச் சரி செய்துவிட்டு அப்புறம் டப்பா பக்கம் பாருங்கள்.

கட்டிவிட்டேன். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

மனம் மாறிவிட்டது என்பது மட்டும்தான் காரணம் என்றால், கஷ்டம். முதலில் ஃப்ரீஸ், டிரான்ஸ்ஃபர் இரண்டையும் கேளுங்கள். சில மாதம் நிறுத்திவைப்பது ஃப்ரீஸ், இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது டிரான்ஸ்ஃபர். கேட்காதவருக்கு இப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஜிம் மூடிவிட்டது, வேறு ஊருக்கு மாறிவிட்டது, சொன்ன வசதி இல்லை, பெண்களுக்குத் தனி நேரம் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு இல்லை என்கிறார்கள் என்றால் கதை வேறு. ரசீதில் ‘பணம் திரும்பத் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே.

முதலில் நடந்ததையும் கேட்கும் தொகையையும் தேதியோடு எழுதி இ-மெயில் அனுப்புங்கள்; மேஜையில் நின்று கத்துவதால் பயன் இல்லை, எழுத்தில் இருப்பதற்குத்தான் மதிப்பு. பிறகு 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இணையத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

சேர்க்கும்போது ‘ஆமாம் சார், உண்டு சார்’ என்று வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றே வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கி வைத்திருந்தால் பாதி வழக்கு அப்போதே முடிந்துவிடும்.

நம்பரைக் கொடுத்துவிட்டேன், போன் நிற்கவே இல்லை.

“என் நம்பரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்று ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டு பிளாக் செய்யுங்கள். 1909-க்கு அழைத்து விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்துவிடலாம், அதை மீறினால் புகாரும் அங்கேயே.

சரி, சேர்ந்தும் ஆயிற்று. மூன்றாவது வாரம் கால் நகர மாட்டேன் என்கிறது. எனக்கு மனஉறுதி இல்லையா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. ஒன்று சொல்கிறேன்: இரண்டு வருடம் ஜிம்மிலேயே உட்கார்ந்திருந்த நான் ஆறு கிலோ கூடினேன். டம்ப்பெல் பத்தடி தூரத்தில். இலவசம் வேறு. மனஉறுதி, வசதி, பணம் எதுவும் அந்தப் பத்தடியைக் கடக்க உதவவில்லை.

வேலையை விட்ட பிறகுதான் உடம்பு அசைந்தது, அதுவும் தற்செயலாக. காலை ஐந்தே முக்காலுக்கு ஆவின் பூத்துக்குப் பால் வாங்கப் போவது என் வேலை. ஒருநாள் தெரு தோண்டிப் போட்டிருந்ததால் சுற்றுவழியில் போனேன். பதினைந்து நிமிடம் கூடுதல். மறுநாளும் தோண்டியே இருந்தது, அடுத்த இரண்டு மாதமும். நம் ஊரில் தோண்டினால் சீக்கிரம் மூடுவார்களா? மூடிய பிறகும் கால் தானாகச் சுற்றுவழிக்கே திரும்பியது. யாரும் என்னை ஊக்கப்படுத்தவில்லை. பால் வாங்கியே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த உத்தி அது ஒன்றே. ஏற்கெனவே விடாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் பயிற்சியைக் கட்டிவிடுங்கள். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றியதும், ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், மாலை விளக்கேற்றும் முன் என்று. ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் நேரம் கிடைக்காது.

இருபத்தொரு நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் எழ முடியாமல் நொந்துபோகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக ஆக 66 நாள் ஆனது (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்). ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிய கெடுதல் வரவில்லை என்பதும் அதில் உண்டு. காய்ச்சல், மாதவிலக்கு, கல்யாணம், பரீட்சை என்று நாள் விடத்தான் செய்யும். விட்ட நாளுக்கு மறுநாள் போனால் போதும்.

போகப் பிடிக்காத நாளில் ஜிம் வாசல் வரை போய் பத்து நிமிடம் மட்டும் செய்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நிஜமாகவே திரும்பி வரலாம், ஏமாற்று இல்லை. பெரும்பாலும் திரும்ப மாட்டீர்கள், அது வேறு விஷயம்.

எவ்வளவு செய்தால் போதும்? பத்தாயிரம் காலடி நடக்க வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது. மிதமான என்றால், பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பத்தாயிரம் என்ற எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவிக் கருவியின் பெயரிலிருந்து வந்தது, ‘பத்தாயிரம் காலடி அளவி’ என்று அர்த்தம். அதுவும் விற்பனைப் பேச்சுதான் பாருங்கள்! நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதயக்கோளாறு இருப்பவர்கள் ஆரம்பிக்குமுன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஜிம்மே இல்லாமல் முடியாதா?

முடியும். மொட்டைமாடியில் தண்டால், பஸ்கி எடுத்தே உடம்பு வளர்த்த தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. தி.நகர் நடேசன் பூங்கா, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, கோவை ரேஸ்கோர்ஸ் என்று காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஊரே சுற்றிக்கொண்டிருக்கும். 2023 நவம்பரிலிருந்து மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை என்று அரசும் குறித்து வைத்திருக்கிறது. நான்கு பேர் கூட்டாகப் போனால் இன்னும் நல்லது. வராவிட்டால் போன் போட்டுத் திட்டுவார்கள்.

ஆனால் ‘நடந்தாலே போதுமே’ என்று எல்லோரிடமும் சொல்வதில்லை நான். மே மாத வெயில், நவம்பர் மழை, தெருநாய், இருட்டு. அதிகாலையில் தனியாக நடக்கத் தயங்கும் பெண்களிடம் பூங்காவைக் காட்டுவது சுலபம், போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாற்பதுக்கு மேல் தசை குறையும்போது பளு தேவை, அதற்கு ஜிம் வசதிதான்.

அப்போ நீங்கள் இப்போது எங்கே போகிறீர்கள்?

ஜிம்முக்குத்தான். வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. தூரம் அதற்கு மேல் என்றால் நான் போகமாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். சேருமுன் ஒருநாள் மாலை ஆறரைக்குப் போனேன், கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். ஒருநாள் கட்டணம் கட்டி, பெஞ்சுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேஜைக்கு வந்தேன். அன்று மாதத்தின் 29-ஆம் தேதி. மேஜையில் இருபத்திரண்டு வயதுப் பெண். வருட பேக்கேஜைத் திருப்பி என் பக்கம் வைத்து, “இந்த ரேட் இன்னிக்கு மட்டும்தான் சார்” என்றார்.

“டார்கெட் இன்னும் எத்தனை பாக்கிம்மா?” என்றேன்.

என்னை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, “நாலு சார்” என்றார்.

ஒரு மாதத்துக்குக் கட்டிவிட்டு பில் வாங்கிக்கொண்டு வந்தேன்.